பத்தொன்பது கோடுகள்

சந்திரமோகனின் தாடைக்குக் கீழே நுழைந்த இரும்பு பின்மண்டையில் போய் நின்றது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐந்துக்கு அது நடந்தது. எட்டு ஆறுக்கு அவர் உயிரோடு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒச்சம்மா அதே மெஷின் முன்னால் நின்றாள். தரையைக் கழுவியிருந்தார்கள். சுவரைக் கழுவ மறந்திருந்தார்கள்.

"அக்கா, அந்த ஸ்விட்ச் போர்டுமேல இருக்கறது துருவா, செத்துப்போன சாரா?" என்றான் பிரேம்.

"வாய மூடிட்டுப் பாரு."

ஒச்சம்மா உசிலம்பட்டியில் பிறந்தவள். போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பதினாறு வருஷம் பாதுகாப்பு வேலை பார்த்தாள். ஒரு மேலதிகாரியின் முன்பல் இரண்டை உடைத்ததில் வேலை போனது. இப்போது பத்துபஸ்தியில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். பிரேம் அவளுடைய ஒரே ஊழியன். தீவிலேயே பிறந்து வளர்ந்தவன். கப்பல் டிக்கெட் கவுன்டரில் இருந்தவனை, அவன் வாயைப் பொறுக்க முடியாமல் அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் நின்றிருந்த இடம் கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதையொட்டி வேலி போட்ட முற்றம். ராணுவ விமானங்களுக்கான உலோகத் துண்டுகளை இங்கே உப்புக்காற்றில் மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். பிறகு மெஷினில் மாட்டி இழுத்து, விரிசல் என்ன வேகத்தில் வளர்கிறது என்று அளப்பார்கள். அந்த வேகம் தெரிந்தால், ஒரு இறக்கை எப்போது கழன்று விழும் என்று விழுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

இங்கே இருந்த விஞ்ஞானிகள் இரண்டு பேர். சந்திரமோகன் செத்துப்போனார். இன்னொருத்தி உமா மகேஸ்வரி இப்போது ஒச்சம்மாவுக்கு மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, கையில் சாவிக்கொத்து. மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

"காலையில ஒரு தடவை லோடு ஏத்துவோம். சாயங்காலம் இறக்குவோம். ஒரு நாளைக்கு ஒரு இழுப்பு. ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. இந்த இரும்பு ராட்தான் துண்டைப் புடிச்சு இழுக்கும். அன்னிக்கு ராடே அறுந்துடுச்சு."

"எல்லாரும் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னாடிதான நிப்பீங்க?"

"மோகன் சார் மட்டும் நிக்க மாட்டார். லோடு ஏறினதும் லென்ஸை எடுத்துக்கிட்டு உள்ள தலையை விடுவார். விரிசலைக் கண்ணால பாக்கணும் அவருக்கு. எத்தனையோ தடவை சொல்லியாச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கௌதம் அன்னிக்கு அளவுக்கு மேல ஏத்திட்டான். அதான் காரணம். பாவம், வேணும்னு பண்ணியிருக்க மாட்டான்."

கௌதம் மெஷின் ஆபரேட்டர். மூன்று நாளாக லாக்கப்பில் இருக்கிறான். எஸ்.ஐ. கிருஷ்ணன் அவன் மேல் கொலை என்றே எழுதியிருந்தார். முந்தின வாரம் சந்திரமோகன் அவனை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தாராம். மதியம் ஒன்றரை விமானத்தில் மெயின்லேண்டிலிருந்து விசாரணைக் குழு வருகிறது. அவர்கள் அறுந்த ராடைப் பார்த்து, 'அதிக லோடு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கௌதமின் கதை முடிந்தது. அவன் மனைவி ரூபா நேற்று ஒச்சம்மாவின் அலுவலகத்துக்கு வந்தபோது அழவில்லை. "அவர் மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை மீட்டரைப் பாக்கறவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரேம் மேஜைமேல் கிடந்த ஓர் அலுமினியத் துண்டை எடுத்தான். பக்கத்தில் அதன் இன்னொரு பாதி கிடந்தது. எவனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். உடைந்த இரண்டு பக்கத்தையும் பொருந்துகிறதா என்று சேர்க்கப் போனான்.

"ஒட்ட வைக்காதீங்க!"

உமா போட்ட சத்தத்தில் வாசலில் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் எழுந்துவிட்டான். அவள் பிரேமின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள்.

"அரே மேடம், நான் என்ன குழந்தையையா கீழ போட்டேன்?"

"உடைஞ்ச முகம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு படக்கூடாது. பட்டா தேஞ்சு போகும். விரிசல் எங்க ஆரம்பிச்சது, எப்படிப் போச்சுன்னு எல்லாம் அந்த முகத்துலதான் இருக்கு. இங்க பெருக்க வர்றவங்களுக்கே முதல் நாள் சொல்லித் தர்ற பாடம் இது."

"ஏன் வச்சிருக்கீங்க இத?" என்றாள் ஒச்சம்மா.

"இது வேஸ்ட். காயலான் கடைக்குப் போறது."

ஒச்சம்மா தலையாட்டினாள். "சரி. அந்த ராடக் காட்டுங்க."

உமா கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். வெள்ளைத் துணி விரித்த தட்டில் ராடின் இரண்டு பாதிகள் இருந்தன. முழங்கை நீளம், கட்டைவிரல் பருமன். உடைந்த முகம் முழுக்கச் சொரசொரப்பான சாம்பல் நிறம்.

"ரத்தத்தைக் காணோம்?"

"நான்தான் துடைச்சேன், எஸ்.ஐ. அனுமதியோட. ரத்தம் உப்பு. அரை நாள்ல துருப்பிடிச்சிடும். இப்பப் பாருங்க, ஒரே மாதிரி சாம்பலா இருக்கா? ஒரே இழுப்புல அறுந்ததுன்னு அர்த்தம்."

ஒச்சம்மா இரண்டையும் கையில் எடுத்தாள். ஒன்றை ஒன்றின்மேல் வைத்தாள். அழுத்தி, ஜாடி மூடியைத் திருகுவது போல ஒரு திருகு திருகினாள். கறமுறவென்று சத்தம் கேட்டது.

"நல்லாப் பொருந்துதே."

"ம். போதும், குடுங்க." உமா வாங்கித் தட்டில் வைத்து அலமாரியைப் பூட்டினாள்.

"முதல்ல ஓடிவந்தவன் ரவிக்குமார்னு ஒரு லேபராம்ல? செவ்வாய்க்கிழமையில இருந்து ஆளக் காணோமாமே."

"குடிகாரன். மாயாபந்தர் பக்கம் போயிட்டான்னு கேள்வி. அவனைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க."

வெளியே வந்ததும் பிரேம் ஸ்கூட்டரை உதைத்தான். "மாயாபந்தர் போகவர ரெண்டு நாள். கமிட்டி வர்றதுக்கு ரெண்டு மணி நேரம். சலோ, திரும்பி வந்து கௌதமுக்கு ஜெயில்ல பிஸ்கட் குடுப்போம்."

"அந்த ரவிக்குமார் மச்சான் எங்கடா இருக்கான்?"

"புரோத்ராபூர்ல. பாக்குத் தோப்பு."

"அங்க விடு."

*

தோப்புக்குள் வழி ஈரமாக இருந்தது. தகரக் குடிசையின் கதவு சாத்தியிருந்தது. பிரேம் முன்னால் போய்த் தட்டினான்.

"ரவி பாய்! போஸ்ட்மேன் வந்திருக்கேன், லவ் லெட்டர்..."

கதவு திறக்கவில்லை. குடிசையின் பக்கவாட்டிலிருந்து ஓர் ஆள் பாய்ந்தான். கையில் தாவ், பாக்குமரம் சீவும் நீளக் கத்தி. பிரேம் முகத்தைக் காக்கக் கையைத் தூக்கினான். கத்தி முன்கையில் இறங்கியது. தோல் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த நொடி சிவப்பானது.

இரண்டாவது வெட்டு அவன் கழுத்துக்கு வந்தது. ஒச்சம்மா தன் கையிலிருந்த ஹெல்மெட்டால் அதைத் தடுத்தாள். கத்தி ஹெல்மெட்டில் சிக்கிக்கொண்டது. அவள் ஹெல்மெட்டை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு நெற்றியால் அவன் மூக்கில் மோதினாள். மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் பிரேமுக்கே கேட்டது. ஆள் சேற்றில் மல்லாந்தான். அவன் மார்பில் முழங்காலை வைத்தாள்.

"எதுக்குடா வெட்டுன?"

"கொல்லுங்க! வந்த வேலைய முடிங்க! முந்தாநாத்து அர மண்டையோட விட்டீங்கல்ல, இன்னிக்கு முழுசா முடிங்க!"

அவன் தலையின் பின்பக்கம் ரொட்டி அளவுக்கு வீங்கியிருந்தது. கறுத்த ரத்தத்தில் முடி ஒட்டிக் கிடந்தது.

"நாங்க கௌதம் பொண்டாட்டி அனுப்புன ஆளுக."

ரவிக்குமார் அப்படியே படுத்தபடி அவளைப் பார்த்தான். உடைந்த மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போனது. அவன் அதைத் துப்பக்கூட இல்லை.

"கௌதம் அண்ணனோட சம்சாரமா?"

"ஆமா. நீ வெட்டுனது என் ஆளு. எந்திரிச்சு அவங் கையக் கட்டு."

பிரேம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. "பக்கா விருந்தோம்பல் அக்கா. தண்ணி கேக்கறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்துட்டான்."

ரவிக்குமார் தன் துண்டைக் கிழித்து அவன் கையைக் கட்டினான். அவனுடையது கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக் குடும்பம். அப்பன் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். அவன் சொன்னது இவ்வளவுதான். புதன்கிழமை சாயங்காலம் பத்துபஸ்தியில் நடந்து போனபோது, பின்னால் வந்த ஸ்கூட்டியிலிருந்து யாரோ இரும்பால் மண்டையில் அடித்தார்கள். மழைக்கோட்டு, ஹெல்மெட். முகம் தெரியவில்லை. சாக்கடையில் விழுந்ததால் இரண்டாவது அடி படவில்லை.

"ஒன்னிய எதுக்கு அடிக்கணும்?"

"தெரியலங்க. நான் ஐயாவத்தான் தூக்குனேன். அந்த இரும்ப நாந்தான் அவரு கழுத்துல இருந்து இழுத்தெடுத்தேன். எடுத்தா பொழச்சிருவாருன்னு நெனச்சேங்க. எடுத்ததும் எல்லா ரத்தமும் என் நெஞ்சுல வந்து அடிச்சிச்சு." அவன் கைகளைப் பார்த்தான். "அந்த நேரத்துலயும் ஐயா சொல்லிக் குடுத்தத மறக்கலங்க. ஒடஞ்ச மொகத்தத் தொடல. ரெண்டு பாதியையும் தனித்தனி டப்பாவுல வச்சேன்."

"மொகம் எப்பிடி இருந்துச்சு?"

"பாதி கறுப்பு, பாதி பளபளன்னு. கறுப்புல கோடு கோடா இருந்துச்சுங்க, மட்டிச் சிப்பி ஓட்டு மேல இருக்குமே அப்படி. கறுப்புன்னா பழைய விரிசல்னு ஐயா சொல்லுவாரு. உப்புக்காத்து உள்ள போயிக் கறுத்துரும்னு."

பிரேம் வலியை மறந்து நிமிர்ந்தான். "நாம பாத்தது முழுக்க சாம்பல். மத்லப் என்னன்னா, அலமாரியில இருக்கறது வேற ராட்! மாத்திட்டாங்க. பழைய விரிசல் இருந்தா கௌதம் மேல கேஸே நிக்காதே. கிருஷ்ணன்தான் அக்கா. துடைக்க அனுமதி குடுத்தவனே அவன்தான."

ஒச்சம்மா போனை எடுத்தாள்.

"உமா மேடமா? ரவிக்குமார் கெடச்சுட்டான். ஒடஞ்ச மொகம் பாதி கறுப்பா இருந்துச்சுங்குறான். ராட யாரோ மாத்தியிருக்காக. கமிட்டி எறங்குனதும் சம்பந்தப்பட்ட எல்லார் வீட்டையும் சோதன போடச் சொல்லப் போறேன். ஒங்க வீட்டுக்கும் வருவாக, ஒரு மொறைக்குத்தான். தப்பா எடுத்துக்காதீக. நாங்க தோப்புலருந்து கெளம்பி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்."

வைத்துவிட்டு எழுந்தாள். "லம்பா லைனுக்கு விடு. எவ்வளவு சீக்கிரம் போவ?"

"ஒத்தைக் கையில ஓட்டணுமே. இருபது நிமிஷம். கடவுள் இருந்தா பதினஞ்சு."

*

லம்பா லைனில் மாடிவீடு ஒன்றின் எதிரே டீக்கடை. ஒச்சம்மா டீ சொல்லிவிட்டு அந்த வீட்டையே பார்த்தாள்.

"யார் வீடு அக்கா?"

"இரு."

பத்து நிமிஷத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஸ்டாண்டைக்கூடப் போடாமல் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு உமா மகேஸ்வரி உள்ளே ஓடினாள்.

பிரேம் டீயைக் கீழே வைத்தான். "இவளா? காயலான் கடைக்குப் போற துண்டுக்கே என்னை அடிச்சாளே!"

"அதேன். வேஸ்ட்டு துண்டச் சேக்கப் போனதுக்கு அந்தக் கத்து கத்துனா. ஒரு மனுசெ உசிரு தொங்குற ராட, அவ கண்ணு முன்னாடி திருகித் தேச்சேன். 'போதும் குடுங்க'ன்னா. சாட்சிய அழிச்சாக்கூட பதறலன்னா, அது சாட்சி இல்லன்னு அவளுக்குத் தெரியும்."

"உண்மையான ராடைக் கடல்ல போட்டிருப்பாளே. நூறு அடியில கடல்."

"போட்டிருந்தா இப்ப எதுக்கு வீட்டுக்கு ஓடி வாரா?"

கதவு தாழிடவில்லை. சமையலறைத் தரை முழுக்க அரிசி. பெரிய அரிசி டிரம் கவிழ்ந்து கிடந்தது. இந்தத் தீவில் ஈரம் படக்கூடாத எதையும் அரிசிக்குள்தான் வைப்பார்கள்; கேமரா, போன், கடிகாரம் எதுவானாலும். உமா குந்தி உட்கார்ந்து இரண்டு பொட்டலங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றி, நுனியில் ரப்பர் மூடி போட்டு, தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது.

"சீட்டு வேற ஒட்டியிருக்கீக" என்றாள் ஒச்சம்மா.

உமா திரும்பிய வேகத்தில் ஒரு ராட் ஒச்சம்மாவின் தோளில் இறங்கியது. எலும்பு விட்டுக்கொடுத்தது. இடது கை அப்படியே தொங்கியது. அடுத்த அடி விலாவில். மூன்றாவது பிரேமின் கட்டுப் போட்ட கையில். அவன் ஊளையிட்டபடி கதவோடு சரிந்தான்.

வலியிலும் ஒச்சம்மா ஒன்றைக் கவனித்தாள். இரண்டாவது அடியிலேயே ரப்பர் மூடி கழன்று எங்கோ போயிருந்தது. உமா உடையாத மறுமுனையால்தான் அடித்தாள். உடைந்த முகத்தைத் துணியோடு தன் உள்ளங்கையில் வைத்துப் பொத்தியிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கூர்விளிம்பு துணியை அறுத்து அவள் உள்ளங்கையையே அறுத்தது. மணிக்கட்டு வழியே ரத்தம் முழங்கைக்கு ஓடியது. இருந்தும் அவள் திருப்பிப் பிடிக்கவில்லை.

நான்காவது அடிக்கு ஓங்கியபோது, காலடியில் இருந்த அரிசியில் வழுக்கினாள். ஒச்சம்மாவுக்கு அது போதும். நல்ல கையால் அவள் கொண்டையைப் பிடித்து, சமையல் மேடையின் விளிம்பில் முகத்தை ஒரு முறை மோதினாள். பிறகு கீழே விழுந்தவள் ராடைப் பிடித்திருந்த மணிக்கட்டைக் காலால் மிதித்தாள். அது உடைந்தது. விரல்கள் திறந்தன.

பிரேம் ஒற்றைக் கையால் கொடிக்கயிற்றை அறுத்து வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டே கையால் அவளைக் கட்டினார்கள்.

"எதுக்கு அந்த மனுசனக் கொன்ன?"

உமா பல் ஒன்றைத் துப்பினாள். குரல் மட்டும் வகுப்பு எடுப்பது போல நிதானமாக இருந்தது.

"இறக்கையை உடம்போட புடிச்சிருக்கிற போல்ட். நாலாயிரம் மணி நேரம் பறக்கலாம்னு நான்தான் சான்று குடுத்தேன். ரெண்டு மழைக்காலம் நான் துண்டு தொங்கவிடற யார்டுக்கே போகல. விரிசல் அளவையெல்லாம் வீட்ல உக்காந்து பென்சில்ல எழுதினேன். மோகன் மறுபடி சோதிச்சுப் பாத்தான். ஆயிரத்து இருநூறுதான்னு வந்துச்சு. எழுதப் போறேன்னான்."

"எழுத விட்டிருந்தா வேலைதான போயிருக்கும்?"

"வேலை மட்டும்தானா?" என்றாள் உமா. ஒச்சம்மா கீழே கிடந்த ராடின் விளிம்பில் ரம்பத் தடத்தைப் பார்த்தாள்.

"ராட்ல ரம்பம் போட்டது எப்ப?"

"பாத்தாத் தெரியும். முகத்துல எழுதியிருக்கு."

"இதக் கடல்ல எறிஞ்சிருக்கலாமே மேடம்" என்றான் பிரேம். உண்மையாகவே கேட்டான்.

உமா அரிசியில் கிடந்த அந்தத் துண்டைப் பார்த்தாள். "பதினெட்டு வருஷமா உடைஞ்ச முகம் பாக்கறேன். இவ்வளவு சுத்தமா ஒண்ணு வந்ததே இல்ல. ஒரு நாள் பாக்கலாம்னு வச்சேன். அப்புறம் இன்னொரு நாள்."

கூரைக்கு மேலே ஒன்றரை மணி விமானம் தாழ்ந்து இறங்கியது. பாத்திரங்கள் அதிர்ந்தன.

*

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கிருஷ்ணனின் மேஜையைச் சுற்றி விசாரணைக் குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் நரைத்த மீசைக்காரர். குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு துணியைப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். விளிம்பில் ரம்பத் தடம். அங்கிருந்து பாதி தூரம் கறுப்பு. கறுப்பில் சிப்பிக் கோடுகள். வாய்விட்டு எண்ணினார்.

"பத்தொன்பது. ஒரு இழுப்புக்கு ஒரு கோடு, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வளர்ந்திருக்கு. செத்த நாள்ல இருந்து பத்தொன்பது நாள் முன்னாடி வெட்டியிருக்காங்க."

"சார், கௌதம் இருபது நாள் மெயின்லேண்ட்ல இருந்தான்" என்றான் பிரேம். "தங்கச்சி கல்யாணம். திரும்பிக் கப்பல்ல இறங்கினது சாவுக்கு முந்தின புதன்கிழமை. பழைய கவுன்டர் தோஸ்துங்ககிட்ட கேட்டுட்டேன், பேர் லிஸ்ட்ல இருக்கு. அவன் வந்தப்புறம், சாவுக்கு முன்னாடி மெஷின் ஓடினது ஆறே நாள். மிச்சப் பதிமூணு கோடு யாரு போட்டது? அந்த இருபது நாளும் மெஷினை ஓட்டினது உமா மேடம்."

எஸ்.ஐ. கிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்தார். "அதெல்லாம் சரி. கௌதம் குத்தத்தை ஒத்துக்கிட்டானே. இன்னிக்குக் காலையில அவனே படிச்சுப் பாத்து, கையெழுத்துப் போட்டிருக்கான். செய்யாதவன் எதுக்குப் போடணும்?"

காகிதத்தை முன்னால் தள்ளினார். அடியில் அழகான கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீட்டி ஒரு சுழி சுழித்திருந்தது.

ஒச்சம்மா அதைப் பார்த்தாள். "அவனக் கூட்டிட்டு வாங்க."

கௌதமை இரண்டு கான்ஸ்டபிள்கள் தாங்கி வந்தார்கள். இடது கண் மூடியிருந்தது. காதில் ரத்தம் காய்ந்திருந்தது. எங்கே நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

"எப்ப அடிச்சாக தம்பி?"

"மொத நாள்" என்றான். "செவ்வாய்க்கிழமை."

ஒச்சம்மா மேஜையிலிருந்து பேனாவை எடுத்து அவன் வலது கையில் வைத்தாள். "இதே மாதிரி ஒரு கையெழுத்துப் போடு."

அந்தக் கையில் மூன்று விரல்கள் ஊதிக் கறுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. கௌதம் பேனாவைப் பிடிக்க முயன்றான். பிடிக்க முடியவில்லை. பேனா தரையில் விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

நரைத்த மீசைக்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். ஒரு வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன் சட்டைப் பையிலிருந்து வேறு பேனா எடுத்து மூடியைக் கழற்றினார்.

"எஸ்.ஐ. சார்," என்றார், "உங்க முழுப் பேரைச் சொல்லுங்க."